"நல்லாப் படிங்கம்மா" என்று நான் சொன்ன திங்கட்கிழமை

ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்ந்து எனக்குப் பொன்னாடை போர்த்திய அன்று நான் தலையைக் குனிந்தபடியே நின்றேன். அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள். டாக்டரம்மா எழுந்து, "இத்தனை வருஷத்துல பாக்கியம்மா வாயிலேர்ந்து ஒரு பேர் வெளிய போனதில்ல" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். வரவேற்பு மேசையில் உட்காரும் கௌசல்யா தட்டினாளா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்தக் கௌசல்யாதான் இப்போது நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிறாள். அவள் வாங்குகிற மாதப் பத்திரிகையில் வேலையிலிருந்து ஓய்ந்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதுகிறார்களாம். "நீங்களும் சொல்லுங்க, புதுசா வர்ற பொண்ணுங்க படிக்கட்டும்" என்று பிடித்துக்கொண்டாள். அந்தத் திங்கட்கிழமையையும் சேர்த்துச் சொல்வதானால்தான் சொல்வேன், இல்லையென்றால் வேறு ஆளைப் பார் என்றேன். பேனாவை எடுத்தாள்.

சம்பந்தப்பட்ட பெண்ணிடம் கேட்டுவிட்டேன். "சொல்லுங்கம்மா, வீட்டுக்காரரும் சரின்னுட்டாரு. ஊரை மட்டும் மாத்திருங்க" என்றாள். மாற்றித்தான் சொல்கிறேன். இதைப் படித்தால் நொந்துபோகக்கூடிய வயதான அம்மா ஒருவர் இருந்தார். அவர் இப்போது உயிரோடு இல்லை.

நான் வேலை பார்த்தது திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், குழந்தை இல்லாதவர்கள் வருகிற ஆஸ்பத்திரியில். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினால் காவிரிப் பாலம் தாண்டி இறங்க வேண்டியதுதான். அதற்கு முன்பு வீடுகளில் பாத்திரம் தேய்த்தேன், ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் துணி அலசினேன். அதை விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

வேலை கேட்டுப் போன அன்று டாக்டரம்மா முதலில் கேட்டது, "படிப்பீங்களா?" என்றுதான். அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் எல்லோரும் வேலை இல்லை என்று சொல்வதற்காகவே கேட்டவர்கள்.

"பேர் எழுதுவேம்மா. நம்பர் எல்லாம் தெரியும். பஸ் போர்டு பாத்து ஏறிடுவேன். சேர்ந்தாப்ல நாலு வரி வந்தா ஆகாது."

அவர் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, மேசையில் வைத்தார். கோபம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் அவருக்கு அது ஒன்றுதான் பழக்கம். எதற்காக மடிக்கிறார் என்று பிறகு பேசுவதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"ரொம்ப நல்லது" என்றார். "இங்க உள்ள காகிதத்த எல்லாம் ஒரு ரூம்லேர்ந்து இன்னொரு ரூமுக்கு நீங்கதான் எடுத்துட்டுப் போகணும். படிக்கத் தெரிஞ்சவங்க கண்ணு சும்மா இருக்காது."

எந்தக் குறைக்காக எல்லா இடத்திலும் வாசலோடு அனுப்பினார்களோ, அந்தக் குறைக்காகவே ஒரு இடத்தில் உட்காரச் சொன்னார்கள். அன்றிலிருந்து அதை நான் குறை என்றே நினைக்கவில்லை. கழுத்தில் சங்கிலி போட்டு ஒரு கண்ணாடி மாட்டிக்கொண்டேன். பொடி நம்பர் பார்க்கத்தான் அது. கண்ணாடியும் கையில் காகிதக் கட்டுமாக நான் மாடிப்படி ஏறினால் வருகிறவர்கள் என்னை நர்ஸ் என்றே நினைத்து எழுந்து வழிவிடுவார்கள். நானும் இல்லை என்று சொன்னதில்லை.

அந்த ஆஸ்பத்திரிக்கு என்று ஒரு ஒழுங்கு உண்டு. ஹாலில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. டோக்கன் நம்பர் மட்டும்தான். கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று கேட்கக் கூடாது. யாருக்கு என்ன கோளாறு, அவருக்கா அவளுக்கா என்பது டாக்டரம்மா ரூமுக்குள் பேசி அங்கேயே முடிய வேண்டும். பார்த்துவிட்டு வருகிறவர்கள் மறுபடி ஹாலுக்குள் வராமல் பின்பக்கப் படி வழியாகத் தெருவுக்குப் போய்விடுவார்கள், அழுத முகத்தை நாலு பேர் பார்க்க வேண்டாம் என்று. கடைசி ஒழுங்குதான் கஷ்டமானது. வெளியே எங்கே பார்த்தாலும் நமக்கு அவர்களைத் தெரியாது.

அதை நான் காப்பாற்றியதுபோல் யாரும் காப்பாற்றியதில்லை. எங்கள் தெருவிலேயே ஒரு வளைகாப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணையில் உட்கார்ந்திருந்த பெண் ஹாலில் எத்தனையோ நாள் எனக்கு எதிரே உட்கார்ந்து விரலைச் சொடுக்கிக்கொண்டிருந்தவள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. நான் வளையலைப் போட்டு, கன்னத்தில் சந்தனம் பூசி, "எந்த ஊரும்மா நீ?" என்று கேட்டேன். அவளுக்கு மூச்சு வந்தது. அன்று வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் அல்ல.

பெயர் தெரியாததால் நானே மனதுக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் வைத்துக்கொள்வேன். அப்படி ஒருத்திதான் எலுமிச்சம்பழப் பெண். திருவெறும்பூர் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் அங்கே தொழிற்சாலையில் வேலை. அவளுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டு, மோந்துகொண்டே வருவாள். ஹாலில் உட்கார்ந்த பிறகும் அதைக் கீழே வைக்க மாட்டாள். கூடவே மாமியார். அந்த அம்மா வந்ததும் பேப்பரை விரித்தால் கடைசிப் பக்கம் வரை உதடு அசையப் படிப்பார். படித்து முடித்தால் மருமகளிடம் ஏதாவது ஒரு வார்த்தை. "உன் வயசுல எனக்கு மூணாவது புள்ள நடந்துச்சு" என்பார். சத்தமாகச் சொல்ல மாட்டார். பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும் அளவுக்குச் சொல்வார். அந்தப் பெண் பழத்தை மோந்துகொள்வாள்.

ரொம்ப வருஷம் டோக்கன் நம்பரை நான்தான் வாயால் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஹாலில் பெரிய டிவியை மாட்டினார்கள். வரவேற்பு மேசையில் ஒரு லேப்டாப். அதிலிருந்து கறுப்பு வயர் ஒன்று சுவரில் போட்ட ஓட்டை வழியாக ஹாலுக்கு வந்து டிவியில் சேரும். மேசையில் இருப்பவள் தன் திரையில் ரிப்போர்ட், கடிதம் என்று ஏதாவது பார்த்துக்கொண்டிருப்பாள். ஹாலில் நம்பர் மட்டும் பெரிதாகத் தெரியும். ஒரே கம்ப்யூட்டருக்கு இரண்டு முகம். உள்முகம் அவளுக்கு, வெளிமுகம் எல்லோருக்கும். என் முக்காலியை டிவிக்குக் கீழே, ஜனங்களைப் பார்த்தபடி போட்டுக்கொண்டேன்.

இதையெல்லாம் அமைத்தது ரஃபி தம்பி. பாலக்கரைக்காரர், தங்கமான பிள்ளை. எங்கள் கம்ப்யூட்டர்களில் அவர் லினக்ஸ் என்பதைப் போட்டிருந்தார். வைரஸ் அண்டாது என்பார். அந்த லினக்ஸுக்கு அவ்வப்போது அப்கிரேட் வரும். பழசை எடுத்துவிட்டுப் புதுசு போடுவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி மூடியிருக்கும்போது வந்து போட்டுவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை ஹால் டிவி கறுப்பாக இருந்தது. 'சிக்னல் இல்லை' என்று ஒரு சின்னப் பெட்டி மட்டும் மூலைக்கு மூலை நகர்ந்துகொண்டிருந்தது. அதில் எழுதியிருந்தது அதுதான் என்று கௌசல்யா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை என்றால் எங்களுக்குத் தேர்த் திருவிழா. வெளியூரிலிருந்து எல்லோரும் அன்றுதான் வருவார்கள். யார் முன்னே, யார் பின்னே என்று சண்டை ஆரம்பித்துவிட்டது. வாட்டசாட்டமான ஒருவர், "டிவி பொழச்சாத்தான் எங்களுக்குப் புள்ள பொறக்குமா?" என்றார். ஹாலே சிரித்தது.

"இன்னைக்கு ஒரு நாள் நீங்களே நம்பரக் கூப்பிட்டுருங்களேன், பாக்கியம்மா" என்றாள் கௌசல்யா.

கூப்பிட்டிருக்கலாம். அதுதான் வேலையே. ஆனால் அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் பல் செட் கட்டியிருந்தேன். 'பதினெட்டு' என்றால் ஒரு விசில் வந்தது. 'முப்பத்தெட்டு' என்றால் இரண்டு விசில். சிரித்துக்கொண்டிருக்கிற ஹாலில் போய் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. "அதெல்லாம் வேணாம். ரஃபி தம்பிக்குப் போன் போடு" என்றேன்.

அவர் சமயபுரத்தில் ஒரு லாட்ஜுக்குக் கேமரா மாட்டப் போயிருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துக்கொண்டோம்.

"டிவிக்குக் கீழ லைட்டு எரியுதா?" எரிந்தது. "ரிமோட்ல சோர்ஸ அமுக்கி, வயர் சொருகின இடத்துக்கு வாங்க." வந்தோம், கறுப்புதான். "வயரப் புடுங்கி ரெண்டு பக்கமும் நல்லா அழுத்திச் சொருகுங்க." சொருகினோம். அப்புறம் மாடியில் ஸ்கேன் ரூமிலிருந்து வேறொரு லேப்டாப்பைக் கொண்டுவந்து அதே வயரைப் போடச் சொன்னார். அதில் போட்டதும் டிவியில் படம் வந்தது. "அப்ப டிவியும் நல்லாருக்கு, வயரும் நல்லாருக்கு. நான் போட்ட புதுசுக்குத்தான் டிவிய அடையாளம் தெரியல" என்றார். "பழசு இன்னும் உள்ளதான் இருக்கும்மா. அதக் கூப்பிட்டுப் பாப்போம்."

லேப்டாப்பை அணைத்துப் போட்டால் ஆரம்பத்தில் கறுப்புத் திரையில் சில வரி வரும். இரண்டாவது வரியைத் தட்டினால் உள்ளே இன்னொரு பட்டியல். மேலே இருப்பது புதுசு, கீழே இருப்பது பழசு. "கடைசியில ஒரு நம்பர் இருக்கும். நம்பர் குறைச்சலா இருக்கறத எடுங்க" என்றார். கௌசல்யா தடுமாறினாள். வரியெல்லாம் ஒன்றுபோலவே இருந்ததாம். நம்பர் என்றால் நான் ஆயிற்றே. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். "இது" என்று விரல் வைத்தேன். தட்டினாள்.

நான் ஹாலுக்கு ஓடினேன். டிவியில் நம்பர் வந்திருந்தது. பெரிதாக, வழக்கம்போல.

"வந்துருச்சு" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தேன். அந்த வாட்டசாட்டமான ஆளைப் பார்த்துத்தான் கொடுத்தேன். மேசைக்குத் திரும்பியபோது போனில் ரஃபி தம்பி, "வந்துருச்சா? சரி, இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு, அதப் பண்ணாம விட்டுடாதீங்க. கீபோர்டுல" என்றார். அதோடு லைன் அறுந்தது. லாட்ஜின் அடித்தளத்தில், டவர் கிடைக்காத இடத்தில் நின்று பேசியிருக்கிறார். திரும்பப் போட்டால் போகவில்லை.

கௌசல்யா தன் திரையைப் பார்த்துக்கொண்டே, "பாக்கியம்மா, என் திரையிலயும் டோக்கன் நம்பர்தான் தெரியுது. போன வாரம் இப்படி இல்லையே. இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டாள்.

"அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"அவர் ஏதோ பாக்கின்னாரே?"

"படம் வந்துருச்சுல்ல. இனி என்ன பாக்கி. நீ வேலையப் பாரு."

இந்த இடத்தில் கௌசல்யா எழுதுவதை நிறுத்திவிட்டாள். "இத விட்டுடலாமேம்மா, யாருக்குத் தெரியப்போவுது" என்கிறாள். எழுது என்றேன். எனக்குத் தெரியாது என்று அந்த நேரத்தில் நான் சொல்லியிருந்தால் அவள் ரஃபி தம்பிக்காகக் காத்திருப்பாள். அது ஒரே ஒரு வார்த்தை. நம்பரைக் கண்டுபிடித்துக் கொடுத்த கையோடு என் வாயில் அது வரவில்லை.

முக்காலியில் வந்து உட்கார்ந்தேன். "அவங்கவங்க நம்பர் வரும், பாத்துப் போங்க. சத்தம் கூடாது" என்று அதட்டினேன். எலுமிச்சம்பழப் பெண்ணும் மாமியாரும் இரண்டாவது வரிசையில் இருந்தார்கள். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஹால் அடங்கியது. திங்கட்கிழமை அப்படி அடங்கி நான் பார்த்ததில்லை. என் அதட்டலுக்குத்தான் அடங்கினார்கள் என்று நினைத்தேன். எல்லோரும் என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன். தமிழில் வரி வரியாக எழுத்து. சில நாள் டாக்டரம்மா டிவியில் அறிவுரை போடச் சொல்வார், நிறையத் தண்ணீர் குடியுங்கள், மாத்திரையை விடாதீர்கள் என்று. அதுதான் இது என்று திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

மாமியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் சாய்ந்தார். உதடு அசைந்தது.

"நல்லாப் படிங்கம்மா" என்றேன். "டாக்டரம்மா உங்களுக்காகத்தான் போட்டிருக்காங்க."

அவர் படித்தார். ஒரு வரியில் உதடு நின்றது. மறுபடி அந்த வரியின் ஆரம்பத்திலிருந்து அசைந்தது. பிறகு ஹாலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக டிவியிலிருந்து கண்ணை எடுத்து அந்தப் பெண்ணைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவள் பழத்தை மூக்கருகில் பிடித்தபடி அப்படியே இருந்தாள். அப்போதுதான் நான் இரண்டாவது முறை திரும்பினேன். டிவியில் இப்போது எழுத்துக்குக் கீழே படமும் வந்திருந்தது. அவளும் வீட்டுக்காரரும் தோளோடு தோளாக, ஆஸ்பத்திரியில் பதிவு பண்ணும்போது எடுக்கிற போட்டோ.

டாக்டரம்மா ஒவ்வொரு தம்பதிக்கும் சோதனை முடிவைத் தமிழில் கடிதமாக எழுதிக் கொடுப்பார். கௌசல்யா நம்பரை ஒதுக்கிவிட்டு அச்சடிப்பதற்காக அந்தக் கடிதத்தைத் திறந்திருக்கிறாள். அவள் திரையில் திறந்தது ஹாலிலும் திறந்துவிட்டது. இரண்டு முகமும் அன்று ஒரே முகமாகியிருந்தது. அது எனக்கு அப்போது புரியவில்லை. போட்டோ மட்டும் புரிந்தது.

முக்காலியில் ஏறி முந்தானையை விரித்து டிவியை மூடினேன். எவ்வளவு பெரிய டிவி. ஒரு பக்கம் மூடினால் இன்னொரு பக்கம் தெரிந்தது. துணி வழியாகவும் தெரிந்தது. பிளக் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதைப் பிடுங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வாட்டசாட்டமான அந்த மனிதர்தான் வந்து பிடுங்கினார். பிடுங்கிவிட்டு, "எறங்குங்கம்மா, விழுந்துருவீங்க" என்று கை கொடுத்தார்.

நான் இறங்கும்போது மாமியார் பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டியிருந்தார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அவர் பின்னால் போனாள்.

டாக்டரம்மா கௌசல்யாவை ரூமுக்குக் கூப்பிட்டார். நானும் கூடவே போனேன். கண்ணாடி ஏற்கனவே மடித்து மேசையில் இருந்தது. கௌசல்யா அழுதுகொண்டு நின்றாளே தவிர, என்னைக் கேட்டதாகச் சொல்லவில்லை. நானே சொன்னேன். "அவ கேட்டா டாக்டரம்மா. நான்தான் அப்படித்தான் இருக்கும்னு சொன்னேன். ஹால்ல இருந்தவங்களப் படிக்கச் சொன்னதும் நான்தான்."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பி மெதுவாக, "நீங்க என்னம்மா பண்ணுவீங்க. உங்களுக்குப் படிக்கத் தெரியாது" என்றார். பிறகு கௌசல்யா பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியும்ல?"

அவர் என்னை மன்னித்துத்தான் சொன்னார். ஆனால் திட்டக்கூட நான் ஆள் இல்லை என்று ஆகிவிட்டது. இத்தனை வருஷம் என் தகுதி என்று எதை நினைத்து நிமிர்ந்து நடந்தேனோ, அதைச் சொல்லியே என்னை ஓரமாக உட்கார வைத்துவிட்டார். என் பங்குத் திட்டையும் சேர்த்து அந்தச் சின்னப் பெண் வாங்கிக்கொண்டு நின்றாள்.

மதியம் ரஃபி தம்பி பைக்கில் வந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. லேப்டாப்பில் இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கிக் காட்டினார். திரையில் சின்னச் சின்னப் பெட்டியாகப் படம் வந்தது. ஒரு பெட்டி மேல் இன்னொரு பெட்டி இருந்தால் இரண்டு திரையும் ஒன்று. பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இரண்டும் வேறு. அந்தப் பக்கத்துப் பெட்டியைத் தொடுவதுதான் பாக்கி. அதற்கு எழுத்துகூடத் தெரிந்திருக்க வேண்டாம். அடுத்த நாள் டிவிக்குப் பின்னால் தனியாக ஒரு சின்னக் கம்ப்யூட்டரைப் பொருத்தி, லேப்டாப்புக்கும் ஹாலுக்கும் இருந்த வயரையே எடுத்துவிட்டார். "இனிமே யார் எதத் தொறந்தாலும் வெளிய போக வழியில்லம்மா" என்றார். நான் என் முக்காலியைத் திருப்பி, டிவியைப் பார்த்தபடி போட்டுக்கொண்டேன். எழுத்து வந்தால் உடனே பிளக்கைப் பிடுங்க.

அந்த வாரக் கடைசியில் எலுமிச்சம்பழப் பெண் தனியாக வந்தாள், பின்பக்கப் படி வழியாக. டாக்டரம்மாவோடு ரொம்ப நேரம் பேசினாள். இறங்கி வந்தவள் படியின் கீழே என்னைப் பார்த்ததும் நின்றாள். ஒழுங்குப்படி நான் பார்க்காததுபோல் போயிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை.

"நீங்கதானே எங்க அத்தையப் படிக்கச் சொன்னது?"

"ஆமாம்மா."

"நல்லாப் படிங்கன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

அவள் அழவில்லை. "கோளாறு அவருகிட்ட. எங்கிட்டன்னு நான்தான் வீட்டுல சொல்லி வச்சிருந்தேன். அவருக்கு அம்மான்னா அவ்வளவு பயம். அத்தை என்னைப் பேசுனா எனக்கு ஒண்ணும் ஆவாது, பழகிப்போச்சு. அவரால தாங்க முடியாதும்மா. இப்ப ஷிஃப்ட் முடிஞ்சும் வீட்டுக்கு வர்றதில்ல. தண்டவாளத்துப் பக்கம் போய் நிக்கிறாருன்னு கூட வேல பாக்குறவரு வந்து சொல்றாரு."

படியில் உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை.

"காகிதம் மாறிப்போச்சு, அது வேற யாரோடதோன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி டாக்டரம்மாவக் கேட்டேன். மன்னிப்பு கேக்குறேன், வீட்டுக்கே வந்து கேக்குறேன், ஆனா வைத்தியத்துல பொய் சொல்ல மாட்டேன்னுட்டாங்க. அது அவங்களுக்குச் சரி." என் கண்ணைப் பார்த்தாள். "படிங்கன்னு சொன்னவங்க நீங்க. படிச்சது தப்புன்னும் நீங்களே வந்து சொல்லுங்க."

என்னை ஆளாக மதித்துக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

மறுநாள் சத்திரத்திலிருந்து பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. முன் அறையில் மாமியார் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். உள் அறைக்குத் திரை போட்டிருந்தது. திரைக்குக் கீழே ஒரு ஆணின் கால் தெரிந்தது. வீட்டுக்காரரை அந்தப் பெண் வரவழைத்து உட்கார வைத்திருந்தாள் போலிருக்கிறது.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றேன்" என்றேன். "அன்னைக்கு டிவியில வந்தது உங்க பையனோடது இல்லம்மா. படம் இவங்களோடது. எழுத்து வேற ஒருத்தரோடது. கட்டுல காகிதத்த மாத்தி வச்சது நான். எனக்குப் படிக்கத் தெரியாது."

"படிக்கத் தெரியாதா? கண்ணாடி மாட்டிக்கிட்டுக் கட்டுக் கட்டாத் தூக்கிட்டுப் போனியே?"

"தூக்கிட்டுத்தான் போனேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பேப்பரை என் பக்கம் நீட்டி ஒரு இடத்தில் விரல் வைத்தார். "படி, பாப்போம்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். முதல் வார்த்தை 'திருச்சி'. பஸ் போர்டில் தினமும் பார்க்கிற வார்த்தை. அதைச் சொன்னேன். அடுத்த வார்த்தையில் நின்றுவிட்டேன். முதல் எழுத்து தெரிந்தது, இரண்டாவது தெரியவில்லை. விரல் அடுத்த வரிக்குப் போனது. அங்கேயும் அதேதான். நடிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துப் போயிருந்தேன். நடிக்க ஒன்றும் இருக்கவில்லை. வேர்த்து வேர்த்து ஊற்றியது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுத்தைக் கூட்டிக்கொண்டே இருந்தேன். போதும் என்று அவர் சொல்லும் வரை கூட்டினேன்.

"கைநாட்டையெல்லாம் வேலைக்கு வச்சா இப்படித்தான் குடியக் கெடுக்கும்" என்றார் வாசல் பக்கம் பார்த்து. அவர் முகத்தில் ஒரு வாரப் பாரம் இறங்கியது தெரிந்தது. நம்பிவிட்டார். நம்பத்தான் காத்துக்கொண்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. உள் அறைப் பக்கம் திரும்பி, "தம்பி, எந்திரிச்சு வந்து சாப்புடுய்யா" என்றார். திரைக்குக் கீழே அந்தக் கால்கள் அசைந்தன.

பிறகு மருமகளைப் பார்த்தார். "அப்ப நீ மொதல்ல சொன்னதுதான் சரி. கோளாறு உங்கிட்டதான்."

"ஆமாங்கத்தை" என்றாள் அவள்.

டாக்டரம்மா சொல்ல மறுத்ததை நான் சொன்னேன். ஒருவரைத் தண்டவாளத்திலிருந்து இழுத்தேனோ என்னவோ, அவளைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு வந்தேன். அவள் கேட்டுத்தான் செய்தேன். அதனால் அது சரியாகிவிடாது. அந்த 'ஆமாங்கத்தை'யைக் கேட்டுக்கொண்டு அங்கே நின்றவள் நான். பொன்னாடை போர்த்திக் கைதட்டியபோது என் காதில் விழுந்தது அதுதான்.

வாசல் வரை என்னோடு வந்தாள். கேட்டைச் சாத்தும்போது கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்குப் பஸ் நன்றாக ஒத்துக்கொள்ளும். ஒருநாளும் வயிற்றைப் புரட்டியதில்லை. அன்று அந்தப் பழத்தை மூக்கிலிருந்து எடுக்காமல் சத்திரம் வரை வந்தேன்.